பாடுகளைத் திரையில் காட்டுவது எப்படி? மறைசாட்சிக் கதையைப் படமாக்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நற்செய்தி நூல்களில் சாட்டையடி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்" என்கிறது யோவான். எத்தனை அடி, யார் அடித்தது, எவ்வளவு நேரம் என்று ஒரு சொல் இல்லை. சிலுவையில் அறைந்ததற்கும் ஏறக்குறைய அவ்வளவு இடம்தான். ஆனால் அந்த இரவில் பேதுரு குளிர் காய்ந்த கரிநெருப்பு எழுதப்பட்டிருக்கிறது. சேவல் கூவியது எழுதப்பட்டிருக்கிறது. தையலில்லாத அங்கியைக் கிழிக்க மனமில்லாமல் சிப்பாய்கள் சீட்டுப்போட்டதும் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களுக்கு வலியைப் பற்றித் தெரியாமல் இல்லை. சிலுவைத் தண்டனை நடப்பில் இருந்த காலத்து வாசகர்களுக்கு அதை விவரிக்கத் தேவையும் இருக்கவில்லை.

நாம் திரைக்கதை எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். அடிக்குப் பத்துப் பக்கம், நெருப்புக்கும் சேவலுக்கும் அரைப் பக்கம். பார்ப்பவர் அழுகிறார், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மனிதர் எதற்காக இதை ஏற்றார் என்ற கேள்வி மட்டும் அவரிடம் போய்ச் சேர்வதில்லை. என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட கதையின் மையம் "சரி, வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருக்கக்கூடிய அந்த நிமிடம். படத்தை அங்கிருந்து கட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

கையில் ஒரு கதையை வைத்துக்கொண்டு பேசினால் எளிது. கி.பி. 203இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கிறிஸ்தவராக இருந்ததற்காகக் கொல்லப்பட்ட பெர்பெத்துவாவின் கதையை எடுத்துக்கொள்வோம். சுமார் 22 வயது, நல்ல குடும்பம், கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் இருந்தபோது அவரே எழுதிய குறிப்புகள் இன்றும் கிடைக்கின்றன. இறந்த நாளின் நிகழ்வுகளை வேறொருவர் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

படி 1: மூன்று நிறப் பேனாவோடு மூலத்தை வாசியுங்கள்

உடம்புக்கு நடப்பதையெல்லாம் சிவப்பில் கோடிடுங்கள். யாராவது முடிவெடுக்கும் அல்லது மறுக்கும் இடங்களை நீலத்தில். சின்னப் பொருள்கள், கைவேலைகள், பழக்கங்கள் எல்லாம் பச்சையில். பெர்பெத்துவாவின் குறிப்புகளில் இதைச் செய்து பாருங்கள். சிவப்பு கொஞ்சம்தான். பச்சை எங்கு பார்த்தாலும் இருக்கிறது: சிறையின் இருட்டும் வெக்கையும், பசியில் வாடிய குழந்தைக்குப் பால் கொடுத்தது, காவலருக்குக் காசு கொடுத்துச் சில மணி நேரம் நல்ல இடத்துக்கு மாற்றிய இரண்டு திருத்தொண்டர்கள், ஒரு கனவிலிருந்து விழித்தபோது வாயில் மென்றுகொண்டிருந்த ஏதோ ஓர் இனிப்பு. நீலம் பெரும்பாலும் ஓர் ஆளைச் சுற்றியே வருகிறது. அது அவருடைய அப்பா.

இந்த வேலை முடிந்ததும் உங்கள் திரைக்கதையையும் இதே போல் நிறம் பிரித்துப் பாருங்கள். மூலத்தில் இருப்பதைவிட உங்களிடம் சிவப்பு பல மடங்கு இருந்தால், அதை நீங்கள்தான் சேர்த்திருக்கிறீர்கள். சேர்ப்பது தவறில்லை. எதற்குச் சேர்த்தோம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் இருக்க வேண்டும்.

படி 2: திரும்பிப் போகக்கூடிய கதவைத் திறந்து வையுங்கள்

தப்பிக்க வழியே இல்லாதவர் படும் துன்பம் கொடுமை. வழி இருந்தும் நிற்பவர் படுவதுதான் பலி. இந்த வித்தியாசம் திரையில் தெரிய வேண்டுமானால் வழியைக் காட்டியாக வேண்டும், அதுவும் ஆசை காட்டும் வழியாக.

பெர்பெத்துவாவின் அப்பா முதலில் வரும்போது நடக்கும் உரையாடல் இது:

"அப்பா, இந்தக் குடத்தைப் பாருங்கள். இதற்கு வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா?"

"முடியாது."

"நானும் அப்படித்தான். கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணைப் பிடுங்குபவர் போல மகள் மேல் பாய்கிறார் அப்பா. பிறகு நிறுத்திக்கொள்கிறார். எழுதப் பழகாதவர்கள் இவரை வில்லனாக்கிவிடுவார்கள். மேலே படியுங்கள்: அடுத்த முறை வரும்போது மகளின் கைகளை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார், "என் நரைத்த தலைக்காக இரங்கு" என்று கெஞ்சுகிறார். விசாரணையின்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். மகளை இழுக்கப் பார்த்ததற்காக அதிகாரி ஹிலாரியானுஸ் அவரைப் பிரம்பால் அடிக்கச் சொல்கிறான். அந்த அடி தன்மேல் விழுந்தது போல இருந்தது என்று மகள் எழுதுகிறார்.

அப்பாவின் பக்கத்து நியாயத்தை முழு பலத்தோடு எழுதுங்கள். "உன் பிள்ளை தாயில்லாமல் வளரும்" என்ற வாதத்துக்கு நல்ல பதில் கிடையாது, கதாநாயகியிடமும் கிடையாது. அவரிடம் பதிலைக் கொடுத்துவிட்டால் காட்சி பிரசங்கமாகிவிடும். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டரின் கதையிலும் இதுதான். ஹிட்லரின் படையில் போரிட மறுத்த ஆஸ்திரிய விவசாயி அவர், மூன்று சிறு பெண்களின் தகப்பன். குடும்பத்தை நினைத்துப் பார் என்று சொன்னவர்களில் அவருடைய ஆயரும் ஒருவர். 1943 ஆகஸ்ட் 9இல் கொல்லப்பட்டார். அவருடைய மறுப்பால் போர் ஒரு நாள்கூட முன்னதாக முடியவில்லை. அதை மறைக்காமல் சொன்னால்தான் அந்த மறுப்பின் எடை தெரியும்.

படி 3: யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்று முடிவு செய்யுங்கள்

துன்பப்படுபவரின் உடம்பையே கேமரா பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் பார்வையாளர் மரத்துப்போவார். பார்க்கிற ஒருவரைப் பாருங்கள்.

1959இல் வந்த 'பென் ஹர்' படத்தில் இயேசுவின் முகம் ஒருமுறைகூடக் காட்டப்படவில்லை. சங்கிலியில் கட்டி இழுத்துவரப்படும் கைதி தாகத்தில் விழுகிறான். அவனுக்கு மட்டும் தண்ணீர் கூடாது என்கிறான் அதிகாரி. ஒரு கை நீர் கொடுக்கிறது. தடுக்க வந்த அதிகாரியின் முன் அந்த ஆள் எழுந்து நிற்கிறார்; நமக்குத் தெரிவது அவர் முதுகு மட்டும். அதிகாரியின் முகம் தடுமாறுகிறது, சாட்டையோடு திரும்பிப் போகிறான். யாரைப் பார்த்தான் என்பது நமக்கு அவன் முகத்திலிருந்தே தெரிந்துவிடுகிறது. படத்தின் முடிவை நெருங்கும்போது, சிலுவை சுமந்து போகிறவருக்கு அதே கைதி தண்ணீர் கொண்டுபோகிறான்.

இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964இல் மத்தேயு நற்செய்தியைப் படமாக்கியபோது, சிலுவையின் அடியில் நிற்கும் வயதான மரியாளாகத் தன் தாயையே நடிக்க வைத்தார். அந்தத் தாய் 1945இல் இளைய மகன் குயிதோவை வன்முறைக்குப் பறிகொடுத்தவர். அவர் முகம் இருக்கும்போது ஆணியை நெருக்கத்தில் காட்ட என்ன இருக்கிறது?

பெர்பெத்துவாவின் கதையில் சாட்சியாக நிற்க ஓர் ஆள் ஏற்கெனவே இருக்கிறார்: சிறைக் காவலர் பூதென்ஸ். முதலில் வெறும் காவலர், பிறகு கைதிகளை மதிக்கத் தொடங்குகிறார், கடைசியில் விசுவாசியாகிறார். கைதிகளை மிருகங்களுக்கு முன்னால் தள்ளிய களத்தில் சாகக் கிடக்கும் சக கைதி சாத்துருஸ் இவருடைய விரலிலிருந்த மோதிரத்தைக் கேட்டு வாங்கி, தன் காயத்தில் தோய்த்துத் திருப்பிக் கொடுக்கிறார். எனக்கு வாய்ப்பு வந்தால் முழுப் படத்தையும் பூதென்ஸ் பார்வையில்தான் எழுதுவேன்.

யாருக்காகப் பலி என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. 1941இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் குருவானவர் மாக்சிமிலியன் கோல்பே முன்பின் தெரியாத ஒரு கைதிக்குப் பதிலாகப் பட்டினி அறைக்குப் போனார். அந்தக் கைதி பிரான்சிஷெக் கயோவ்னிச்செக் போருக்குப் பின்னும் வாழ்ந்து, 1982இல் கோல்பேக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நேரில் இருந்தார், 1995இல் இறந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் இன்னொருவர் கொடுத்த உயிரோடு வாழ்வது எப்படி இருக்கும்? பட்டினி அறைக்குள் கேமராவைக் கொண்டுபோவதைவிட எனக்கு அது பெரிய கதையாகப் படுகிறது.

படி 4: எவ்வளவு காட்டுவது

இதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. ஓவியர் க்ரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் ஈசன்ஹைம் மடத்துக்காக வரைந்த சிலுவைக் காட்சியைப் பாருங்கள். உடம்பெல்லாம் புண், விறைத்து வளைந்த விரல்கள். அந்த மடம் 'அந்தோணியார் நெருப்பு' என்ற கொடிய நோய் கண்டவர்களைக் கவனித்த இடம். நோயாளி தன் புண்ணையே சிலுவையில் பார்த்தார். அங்கே கோரத்துக்குக் காரணம் இருந்தது, அதைப் பார்க்க வேண்டியவர் எதிரிலேயே இருந்தார். உங்கள் கோரக் காட்சிக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மறு எல்லையில் டென்மார்க் இயக்குநர் ட்ரையர். 1928இல் ஜோன் ஆஃப் ஆர்க்கின் விசாரணையை மேக்கப் இல்லாத முகங்களின் க்ளோசப்புகளாகவே எடுத்தார். ஜோனாக நடித்த ஃபால்கொனெத்தியின் தலைமுடி நிஜமாகவே வெட்டப்படுகிறது. கத்தரி, உதிரும் முடி, கண்ணீர், அவ்வளவுதான். ஆனாலும் பார்ப்பவருக்குத் தாங்கவில்லை. 2010இல் வந்த 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்', 1996இல் அல்ஜீரியாவில் கடத்திக் கொல்லப்பட்ட ஏழு துறவிகளைப் பற்றியது. கொலை படத்தில் இல்லை. கடைசியாகச் சேர்ந்து உண்ணும் இரவில் டேப்பில் இசை ஒலிக்கிறது, ஒயின் பரிமாறப்படுகிறது, கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது; சிரிப்பு மெல்ல அழுகையாக மாறுகிறது. பிறகு பனிமூட்டத்தில் நடந்து மறைகிறார்கள்.

நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். வன்முறைக் காட்சியில் முதல் அடியை ஒளிக்காமல் காட்டுங்கள், அது நிஜம் என்று தெரிய வேண்டும். இரண்டாவதிலிருந்து ஒலி போதும். மூன்றாவதுக்குள் வேறு ஏதாவது நடக்க வேண்டும்: யாரோ எண்ணிக்கையைத் தவறவிடுகிறார், கூட்டத்தில் ஒரு பெண் குழந்தையின் காதைப் பொத்துகிறார், அடிப்பவனுக்கு மூச்சு வாங்குகிறது. கதை நகராமல் அடி மட்டும் தொடர்ந்தால் அங்கேயே வெட்டிவிடுங்கள்.

இப்போது பெர்பெத்துவாவின் களக் காட்சி. காட்டுப்பசு அவரைத் தூக்கி எறிகிறது. எழுந்து உட்கார்ந்தவர் கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மூடுகிறார். பிறகு ஒரு கொண்டை ஊசி கேட்டு அவிழ்ந்த முடியைச் சேர்த்துக் குத்திக்கொள்கிறார். தலைவிரிகோலம் துக்கத்தின் அடையாளம், தன் வெற்றி நாளில் துக்கம் காப்பது போலத் தெரியக்கூடாது என்பதற்காக. இதை எழுதும்போது இசை வேண்டாம், ஸ்லோமோஷன் வேண்டாம். புழுதி படிந்த விரல்கள், ஊசி ஒருமுறை நழுவுகிறது, மறுபடி குத்துகிறார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல். இருபது விநாடி ஷாட். பசு முட்டியதை நான்கு விநாடியில் முடித்துவிட்டு இதற்கு இருபது விநாடி கொடுங்கள்.

படி 5: பொருள்களைச் சரிபாருங்கள்

சுருக்கமாக இரண்டு. சிலுவைத் தண்டனை பெற்றவர்கள் பொதுவாகச் சுமந்தது குறுக்குக்கட்டையை மட்டும்தான். 1968இல் எருசலேமில் கிடைத்த யெகோகனான் என்பவரின் குதிகால் எலும்பில் ஆணி பக்கவாட்டில் ஏறியிருக்கிறது. ஓவியங்களில் வருவது போலப் பாதத்தின் மேலிருந்து இல்லை. மொழியிலும் கவனம் வேண்டும்: ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் நிர்வாகத்துக்குப் பொதுவாகப் புழங்கியது கிரேக்கம், சிப்பாய்கள் எல்லாரும் இலத்தீன் பேசவில்லை. பார்வையாளர் பழகிய ஓவிய மரபைப் பின்பற்றுவதும் நியாயமான முடிவுதான், தெரிந்தே எடுத்தால்.

படி 6: பழி யார்மேல் விழுகிறது

இதில் அவசரப்பட வேண்டாம். பாடுகளின் நாடகங்கள் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்கள்மேல் வெறுப்பை வளர்த்திருக்கின்றன. நிஜமான உயிர்கள் போயிருக்கின்றன. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணத்துக்காக அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் பழி சுமத்தக்கூடாது என்று அறிவித்தது. 1634 முதல் ஜெர்மனியின் ஓபராம்மர்காவ் கிராமத்தில் நடக்கும் புகழ்பெற்ற பாஸ்கா நாடகத்தின் வசனங்கள் இந்தக் காரணத்துக்காகவே திரும்பத் திரும்பத் திருத்தப்பட்டன. 2004இல் வந்த 'தி பேஷன் ஆஃப் த கிரைஸ்ட்' படத்தில் "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும்" என்ற வசனம் அரமேயத்தில் அப்படியே விடப்பட்டு சப்டைட்டில் மட்டும் நீக்கப்பட்டது. அது எனக்குப் போதாத தீர்வாகவே படுகிறது. காட்சியின் அமைப்பு கூட்டத்தை ஒரே முகமாகக் காட்டிவிட்டால் எழுத்தை எடுப்பதால் என்ன மாறிவிடும்?

செய்ய வேண்டியது இது. இயேசுவும் அவர் தாயும் சீடர்களும் அழுகிற பெண்களும் யூதர்கள்தான் என்பது உடையிலும் பேச்சிலும் செபத்திலும் தெரியட்டும். கூட்டத்துக்குள் பல கருத்துகள் இருக்கட்டும். ரோம ஆளுநர் பிலாத்துவை மனம் வருந்தும் நல்லவனாக மட்டும் காட்டாதீர்கள், தண்டனை கொடுக்கும் அதிகாரம் அவனிடம் இருந்தது. முகம், மூக்கு, நிறம், உருவத்தை வைத்துத் தீயவரை அடையாளம் காட்டும் பழக்கத்தை முழுவதுமாக விடுங்கள். பெர்பெத்துவாவின் கனவு ஒன்றில் அவர் ஓர் எகிப்தியனோடு மல்லுக்கட்டுகிறார், அவன் சாத்தானின் உருவம். அதை அப்படியே எடுத்தால் இன்று என்ன அர்த்தம் வரும் என்று யோசித்து அந்த உருவத்தை மாற்றுங்கள். திரைக்கதையை ஒரு யூத வாசகரிடம் கொடுத்துக் கருத்துக் கேளுங்கள், படப்பிடிப்புக்கு முன்பே.

படி 7: கடவுளின் மௌனத்தை நிரப்பாதீர்கள்

வானத்திலிருந்து ஒளிக்கற்றை, பாடகர் குழு, புன்னகையோடு சாகும் முகம்: இவை வந்தால் பார்வையாளருக்கு நம்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஸ்கோர்செசேயின் 'சைலன்ஸ்' படத்தில் குருவானவர் விசுவாசத்தை மறுக்கும் அடையாளமாகக் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கும் இடத்தில் ஒலி முழுவதும் நின்றுவிடுகிறது. அந்த நிசப்தத்தை அவரவர் விசுவாசத்தோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அச்சத்துக்கும் இடம் கொடுங்கள். பெர்பெத்துவாவோடு சிறையிலிருந்த அடிமைப்பெண் பெலிசித்தா எட்டாம் மாதத்தில் பிரசவ வலியில் கத்துகிறார். "இதற்கே கத்துகிறாயே, மிருகங்களுக்கு முன்னால் என்ன செய்வாய்?" என்கிறான் ஒரு காவலன். இப்போது படுவது நான், அங்கே எனக்காக இன்னொருவர் எனக்குள் இருந்து படுவார் என்கிறார் அவர். இந்தப் பதிலை கம்பீரமாகப் பேச வைக்காதீர்கள். வலிக்கு நடுவில், மூச்சு விட்டு விட்டு, பாதி அவனுக்கும் பாதி தனக்குமாகச் சொல்லட்டும்.

படி 8: நடிகரின் உடம்பு

இரக்கத்தைப் பற்றிய படத்தை இரக்கமில்லாமல் எடுக்கக்கூடாது. 2004 படத்தில் இயேசுவாக நடித்த ஜிம் கேவீசலுக்குத் தோள்பட்டை விலகியது, தவறுதலாகச் சாட்டையடியும் விழுந்தது. இவற்றைப் பெருமைக் கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது சங்கடமாக இருக்கிறது. நடிகர் படும் நிஜ வலி கதாபாத்திரத்தின் பலி ஆகாது.

சிலுவைக் காட்சியில் ஆடைக்குள் ஹார்னஸ் (உடம்பைத் தாங்கும் வார்ப்பட்டை), பாதத்துக்குக் கீழே மறைவான தாங்கி, உட்கார ஒரு முளை, மூன்றும் இருக்க வேண்டும். கை விரித்துத் தொங்கினால் மூச்சு சிரமப்படும், ஆகவே சின்னச் சின்ன டேக்குகள். தூர ஷாட்டுகளுக்குப் பொம்மை. கை கட்டப்பட்டவரால் சைகை காட்ட முடியாது, அதனால் வசனத்தில் வராத ஒரு சொல்லை அடையாளமாக வையுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் இறக்க வேண்டும். குளிருக்குக் கம்பளி, பக்கத்திலேயே மருத்துவ உதவி. சாட்டை உடம்பைத் தொடவே வேண்டியதில்லை. கோணமும் பிறகு சேர்க்கும் ஒலியும் பார்த்துக்கொள்ளும். அடிப்பவராக நடிப்பவரிடமும் காட்சி முடிந்ததும் போய் உட்கார்ந்து பேசுங்கள், அவரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

படி 9: எங்கே முடிப்பது

பெர்பெத்துவாவின் குறிப்பு களத்துக்கு முந்தைய நாளோடு நிற்கிறது: அங்கே நடப்பதை விரும்புகிறவர் எழுதிக்கொள்ளட்டும் என்று முடிக்கிறார். படத்தையும் அங்கேயே முடிக்கலாம் என்று தோன்றும். நான் இன்னும் கொஞ்சம் போவேன். அனுபவமில்லாத ஓர் இளம் வாள்வீரன் முதல் குத்தைத் தவறவிடுகிறான், வாள் எலும்பில் படுகிறது, அவர் அலறுகிறார். பிறகு நடுங்கும் அவன் கையைப் பிடித்துத் தன் கழுத்துக்குத் தானே வழிகாட்டுகிறார். அலறலும் இருக்க வேண்டும், அந்தக் கையும் இருக்க வேண்டும். கை தொண்டையை நெருங்கும்போது வெட்டி, பூதென்ஸ் விரலில் இருக்கும் மோதிரத்துக்குப் போங்கள்.

முதல் எடிட் முடிந்ததும் ஐந்தாறு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள், அதில் விசுவாசி அல்லாத ஒருவராவது இருக்கட்டும். படம் முடிந்த உடனே கருத்துக் கேட்காதீர்கள். அடுத்த நாள் கேளுங்கள், என்ன ஞாபகம் இருக்கிறது என்று மட்டும். எல்லாரும் பசுவையும் வாளையும் சொன்னால் எடிட்டிங் அறைக்குத் திரும்புங்கள். யாராவது அந்தக் கொண்டை ஊசியைச் சொன்னால், அடுத்து ஒலிக்கலவை வேலையைத் தொடங்கலாம்.